சூப்பர்நோவா எச்சத்துக்குள் எக்ஸ்ரே இரட்டை விண்மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெடித்துச் சிதறிய விண்மீனின் புகைமண்டலம் இன்னும் கலையவில்லை. அதன் நடுவே, செத்த விண்மீனும் தப்பிப் பிழைத்த அதன் ஜோடியும் இன்னும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் வானத்தில் இப்படி அகப்பட்டவை மிகக் குறைவு. இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

எக்ஸ்ரே இரட்டை என்றால் என்ன?

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றில் ஒன்று தன் ஆயுளை முடித்துக்கொண்டு நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ ஆகிவிட்டது. மற்றது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. எரிவதிலிருந்து வாயு பிரிந்து செத்ததன் பக்கம் போகிறது. போனதும் நேராக விழுந்துவிடாது. தொட்டித் தண்ணீர் அடி ஓட்டை வழியே இறங்கும்போது சுழல்வதுபோல், ஒரு தட்டாகப் பரவிச் சுழன்று சுழன்று உள்ளே இறங்கும். இறங்கும்போது உரசி உரசிக் கோடிக்கணக்கான டிகிரி சூடாகும். அந்தச் சூட்டில் வருவது கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, எக்ஸ்ரே.

இந்தச் சூட்டின் அளவு புரிய ஒரு கணக்கு. நியூட்ரான் விண்மீனின் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். எடையோ சூரியனைவிட அதிகம். அதன் மேல் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைப் போட்டால், அதாவது 4 கிராம், விழுந்த வேகத்தில் வெளிப்படும் ஆற்றல் ஹிரோஷிமா குண்டுக்குச் சமமாக இருக்கும். இது அணுக்கரு வினை இல்லை, வெறுமனே கீழே விழுந்ததற்கான கூலி.

சூப்பர்நோவா எச்சம்?

பெரிய விண்மீன் வெடித்தபோது வீசியெறிந்த பொருளும், அது வழியில் வாரிச் சேர்த்துக்கொண்ட வாயுவும் சேர்ந்த கூடு. முதலில் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரியும். பிறகு மெல்ல வேகம் குறையும், ஆறும், கரையும். சில பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அடையாளம் காண்பதே கஷ்டம்.

நியூட்ரான் விண்மீன் பிறப்பதே சூப்பர்நோவாவில்தானே? அப்படியென்றால் எல்லா எக்ஸ்ரே இரட்டையும் எச்சத்துக்குள்தானே இருக்க வேண்டும்?

எல்லாரும் கேட்கும் கேள்வி, சரியான கேள்வியும்கூட. கூடு இருந்ததுதான், ஆனால் எப்போதோ கரைந்துவிட்டது.

எடைமிக்க துணை விண்மீன் உள்ள ஒரு எக்ஸ்ரே இரட்டைக்கு 1 கோடி ஆண்டு வாழ்வு என்று வைத்துக்கொள்வோம். எச்சம் கண்ணில் படுவது 50,000 ஆண்டு. இந்த 1 கோடியை ஒரு மனிதனின் 75 ஆண்டாகச் சுருக்கினால், எச்சம் இருக்கும் காலம் நாலரை மாதம். தூளியில் கிடக்கும் பருவம், அவ்வளவுதான். தெருவில் போகும் ஆயிரம் பேரில் தூளிப் பிள்ளை எத்தனை? துணை விண்மீன் சூரியனைப் போலச் சிறியது என்றால் வாழ்வு இன்னும் பல மடங்கு நீளும். தூளிப் பருவம் அந்த அளவுக்குச் சுருங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. வெடித்த மறுநாளே வாயு கொட்டத் தொடங்கும் என்பதில்லை. துணை விண்மீன் முதிர்ந்து உப்பும்வரை காத்திருக்கும் ஜோடிகள் நிறைய. அவை எக்ஸ்ரேயில் ஒளிரத் தொடங்கும்போது கூடு போன இடம் தெரியாது.

அதனால் எச்சத்தோடு சேர்ந்து கிடைக்கும் ஒவ்வொன்றும் பிறப்புச் சான்றிதழோடு கிடைத்த குழந்தை. மற்ற எக்ஸ்ரே இரட்டைகளின் வயதைச் சுற்றிவளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இவற்றுக்கோ கூட்டின் அளவையும் விரியும் வேகத்தையும் வைத்து வயதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

அவ்வளவு பெரிய வெடிப்பில் ஜோடி பிரிந்துவிடாதா?

பெரும்பாலும் பிரிந்துவிடும். விதி எளிது: வட்டமாகச் சுற்றும் ஜோடியின் மொத்த எடையில் பாதிக்கு மேல் திடீரென்று பறந்துபோனால், மிச்ச ஈர்ப்பு இரண்டையும் பிடித்துவைக்கப் போதாது.

சூரியனைப் போல 20 மடங்கு எடையுள்ளது ஒன்று, 10 மடங்கு ஒன்று. பெரியது அப்படியே வெடித்து 1.4 மடங்கு எடையுள்ள நியூட்ரான் விண்மீனாக மிஞ்சினால், மொத்தம் 30-ல் 18.6 போச்சு. ஜோடி முறிந்தது. ஆனால் நெருக்கமான ஜோடியில் கதை வேறு. பெரியது முதிர்ந்து உப்பும்போது தன் மேலாடையைச் சின்னதுக்குக் கொடுத்துவிடும். வெடிக்கும் நேரத்தில் பழைய பெரியது 6 ஆகவும் பழைய சின்னது 22 ஆகவும் இருக்கலாம். இப்போது வெடித்தால் இழப்பு 28-ல் 4.6 மட்டும். ஜோடி தப்பிக்கும். கொடுத்துவிட்டுச் சாவதால்தான் உறவு மிஞ்சுகிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு மேல் உதை வேறு. வெடிப்பு எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதில்லை; பிறந்த நியூட்ரான் விண்மீன் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அதிலும் பல ஜோடிகள் உடைகின்றன. ரிஷப விண்மீன் குழுப் பக்கம் இருக்கும் எஸ்147 என்ற எச்சத்தில் இந்தப் பிரிவு அப்படியே தெரிகிறது. அதற்குள் ஒரு பல்சரும் (சுழன்றபடி துடிப்பு துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்), எச்டி 37424 என்ற எடைமிக்க விண்மீனும் எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டின் பாதையையும் பின்னோக்கி இழுத்தால் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பு, எச்சத்தின் நடுவே, ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

எத்தனை தெரியும்?

விரல்விட்டு எண்ணலாம். பால்வீதியில் எஸ்எஸ் 433, சர்சினஸ் எக்ஸ்-1. பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள இரண்டு குட்டி விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்களில் இன்னும் சில.

சர்சினஸ் எக்ஸ்-1-ஐ ஏன் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள்?

எனக்கும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

சர்சினஸ் என்பது கவராய விண்மீன் குழு. தெற்கே, ஆல்ஃபா சென்டாரிக்குப் பக்கத்தில். ராக்கெட்டில் வைத்து அனுப்பிய கருவிகளில் இது அகப்பட்டது. 1971-ல் ஆய்விதழில் வந்தது. 16.5 நாளுக்கு ஒரு முறை இதன் ஒளி துள்ளும். துணை விண்மீனை நீள்வட்டத்தில் சுற்றும் ஜோடி இது, கிட்ட வரும்போதெல்லாம் வாயு கூடுதலாகக் கொட்டுகிறது. அது மினுங்கும் விதத்தைப் பார்த்து முதலில் கருந்துளையாக இருக்கும் என்றார்கள். 1980-களில் சில நொடி நீளும் எக்ஸ்ரே வெடிப்புகள் அதில் பதிவாயின. வாயு ஒரு திடமான மேற்பரப்பில் குவிந்து, சட்டென்று அணுக்கரு வினையில் தீப்பிடித்தால்தான் அப்படி வெடிக்கும். கருந்துளைக்கு மேற்பரப்பு கிடையாது. ஆக, நியூட்ரான் விண்மீன்.

அப்புறம் இதன் வயது. வானத்தில் இதற்குப் பக்கத்திலேயே ஒரு சூப்பர்நோவா எச்சம் இருக்கிறது. இது அங்கே பிறந்து உதைபட்டு ஓடிவந்தது என்று 1970-களிலேயே ஒரு கருத்து. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஹபிள் தொலைநோக்கியில் சில ஆண்டு இடைவெளி விட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, அப்படி ஓடுகிற வேகம் எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அப்பா என்று நினைத்த கதையாகிவிட்டது.

உண்மையான எச்சம் அதன் சொந்த வெளிச்சத்திலேயே மறைந்திருந்தது. நல்ல நாளில் சர்சினஸ் எக்ஸ்-1 எக்ஸ்ரே வானத்தின் பிரகாசமான பொருள்களில் ஒன்று. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டில் பக்கத்து மரம் தெரியாததுபோல் சுற்றியுள்ள மங்கலான எதுவும் தெரியாது. பிறகு அது தானாகவே பல ஆண்டு மங்கியது. அந்த மங்கிய நேரத்தில், 2009-ல், சந்திரா விண்வெளி ஆய்வகம் நீண்ட நேரம் எடுத்த படத்தில்தான் சுற்றியிருக்கும் வட்டக் கூடு தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் ரேடியோ தொலைநோக்கிப் படத்திலும் அது பொருந்தியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் ஹைன்ஸ் குழு 2013-ல் இதை அறிவித்தது. வயது: அதிகபட்சம் 4,600 ஆண்டு. தெரிந்த எக்ஸ்ரே இரட்டைகளில் இவ்வளவு இளையது வேறு இல்லை என்றார்கள்.

சரி, இதில் என்ன சிக்கல்? நான் மேலே சொன்ன அந்தச் சிறு வெடிப்புகள் காந்தப்புலம் பலவீனமான நியூட்ரான் விண்மீன்களில்தான் நடக்கும். காந்தப்புலம் வலுவாகப் பிறந்து, கோடிக்கணக்கான ஆண்டு வாயு விழுந்து விழுந்துதான் பலவீனமாகும் என்பது அதுவரை பாடம். இங்கே 5,000 ஆண்டுகூட ஆகாத குழந்தைக்குக் கிழவனின் காந்தப்புலம். ஒன்று, பிறக்கும்போதே சில பலவீனமாகப் பிறக்கின்றன; இல்லை, வெடிப்பில் திரும்பி விழுந்த பொருள் காந்தப்புலத்தைப் புதைத்துவிட்டது. எதுவானாலும் பழைய பாடத்தை அப்படியே ஒப்பிக்க முடியாது. சான்றிதழ் கிடைத்ததால் வந்த வினை.

4,600 ஆண்டு என்கிறீர்கள், தூரமோ 30,000 ஒளியாண்டு. கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை. நாம் பார்ப்பது சுமார் 30,000 ஆண்டுக்கு முன் கிளம்பிய ஒளியை. அந்த ஒளியில் தெரியும் கூட்டின் வயதுதான் 4,600-க்குள். வானியலில் இப்படித்தான் பேசுவார்கள். வெடிப்பின் ஒளி பூமியை வந்தடைந்தது கடந்த 4,600 ஆண்டுகளுக்குள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது சிந்துவெளி நகரங்கள் எழுந்த காலம் அல்லது அதற்குப் பிறகு. நடுவில் தூசி அடர்ந்து கிடப்பதால் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அந்தத் தூரத்தை எப்படி அளந்தார்கள்?

எதிரொலி வைத்து. பெரிய மண்டபத்தில் ஒரு கைதட்டு தட்டினால் நேராக ஒரு சத்தம், பிறகு தூண்களில் பட்டுத் தாமதமாக வரும் சத்தங்கள். ஒளிக்கும் அப்படித்தான்.

2013 கடைசியில் சர்சினஸ் எக்ஸ்-1 திடீரென்று பிரகாசமாகி, சுமார் இரண்டு மாதம் கழித்து அடங்கியது. 2014 தொடக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால், விண்மீனைச் சுற்றி நான்கு எக்ஸ்ரே வளையங்கள். வழியில் வெவ்வேறு தூரத்தில் இருக்கும் தூசி மேகங்களில் பட்டுச் சிதறி, சுற்றுவழியில் வந்த அதே வெளிச்சம்தான். ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு வளையம். நாளாக ஆக வளையங்கள் விரிந்தன. அந்த மேகங்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் மோப்ரா ரேடியோ தொலைநோக்கித் தரவிலிருந்து எடுத்தார்கள். மேகத்தின் இடம் தெரியும், வளையத்தின் அளவு தெரியும், தாமதம் தெரியும்; மிச்சம் பள்ளிக்கூட வடிவியல். விடை 30,700 ஒளியாண்டு. அதற்கு முன் சொல்லிக்கொண்டிருந்த தூரங்கள் இதில் பாதியிலிருந்து ஏறக்குறைய இதே அளவுவரை இழுபட்டன.

எஸ்எஸ் 433 எதற்குப் பெயர் போனது?

ஒரே நேரத்தில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்ததற்கு.

ஸ்டீஃபன்சன், சண்டுலீக் என்ற இருவர் 1977-ல் வெளியிட்ட பட்டியலில் 433-ஆவது விண்மீன் இது. எஸ்எஸ் என்பது அவர்கள் பெயரின் முதலெழுத்துகள். அடுத்த ஆண்டே கவனம் இதன் பக்கம் திரும்பியது. புரூஸ் மார்கன் குழு நிறமாலையை எடுத்துப் பார்த்தபோது ஹைட்ரஜன் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, கூடவே சிவப்புப் பக்கம் தள்ளி ஒரு தொகுதி, நீலப் பக்கம் தள்ளி ஒரு தொகுதி. மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. சிவப்புப் பக்கம் தள்ளினால் விலகுகிறது, நீலப் பக்கம் தள்ளினால் நெருங்குகிறது என்று பொருள். உச்சத்தில் நொடிக்கு 50,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது என்றும் 30,000 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது என்றும் ஒரே விண்மீன் சொன்னது.

விடை இரண்டு பீச்சல்கள். நடுவில் இருப்பது, அநேகமாகக் கருந்துளை, தின்ன முடியாத வாயுவை ஒளியின் வேகத்தில் 26 சதவீதத்தில் எதிரெதிராகப் பீய்ச்சுகிறது. ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதுபோல் அந்தப் பீச்சல்களின் அச்சு 162 நாளுக்கு ஒரு சுற்று ஆடுகிறது. அதனால்தான் கோடுகள் நகர்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் ஒன்று: பீச்சல்கள் நமக்குக் குறுக்காகப் போகும் நாளில், வரவும் இல்லை போகவும் இல்லை, கோடுகள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. வேகமாகப் போகும் பொருளின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்ற ஐன்ஸ்டைன் கணக்கு அப்படியே கண்ணெதிரே.

இதைச் சுற்றியிருக்கும் எச்சம் டபிள்யூ50. கார்ட் வெஸ்டர்ஹவுட் 1958-ல் போட்ட ரேடியோ பட்டியலில் 50-ஆவது. கிட்டத்தட்ட 700 ஒளியாண்டு நீளம். ரேடியோவில் கண் தெரிந்தால் நான்கு முழுநிலவை வரிசையாக வைத்த நீளத்துக்கு வானத்தில் கிடக்கும். நடுவில் உருண்டை, கிழக்கிலும் மேற்கிலும் இழுத்துவிட்டதுபோல் இரண்டு காது. பீச்சல்கள் கூட்டை உள்ளிருந்து முட்டித் தள்ளிய இடங்கள் அவை. இதன் வடிவம் கடற்பசு மல்லாந்து கிடப்பதுபோல் இருப்பதால் 2013-ல் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நடு உருண்டை உண்மையிலேயே சூப்பர்நோவா கூடுதானா, இல்லை விண்மீன் காற்று ஊதிய குமிழியா என்று வாதிடுபவர்கள் உண்டு. எச்சம் என்பதே பெரும்பான்மைக் கருத்து. என் பங்குக்கு, அந்த உருண்டை வடிவம் வெடிப்பைத்தான் சொல்கிறது என்று படுகிறது.

2018-ல் மெக்சிகோவில் உள்ள ஹாக் ஆய்வகம், உயர் ஆற்றல் காமா கதிர்கள் நடுவிலிருந்து வரவில்லை, காதுகளின் பக்கத்திலிருந்து வருகின்றன என்று காட்டியது. 2024-ல் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் இடத்தைத் துல்லியமாக்கின: பீச்சல் நடுவை விட்டுக் கிளம்பி, கண்ணில் படாமல் போய், சுமார் 80 ஒளியாண்டு தாண்டி மறுபடி ஒளிர்கிறது. அங்கே ஓர் அதிர்வலை துகள்களை முடுக்கிவிடுகிறது.

மெகல்லன் மேகங்களில் ஏன் அதிகமாகக் கிடைக்கின்றன?

பால்வீதிக்குள்ளிருந்து பால்வீதியைப் பார்ப்பது பனிமூட்டத்தில் நின்று தெருவிளக்கை எண்ணுவது மாதிரி. மெகல்லன் மேகங்கள் வெளியே இருக்கின்றன, நடுவில் தூசி குறைவு, உள்ளே இருக்கும் எல்லாமே ஏறக்குறைய ஒரே தூரம். அதுவும் சிறிய மேகத்தில் எடைமிக்க துணையுள்ள எக்ஸ்ரே இரட்டைகள் அதன் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கின்றன.

அங்கே கிடைத்ததில் விசித்திரம் எஸ்எக்ஸ்பி 1062. ஓர் இளம் விண்மீன் கொத்தை நோக்கிச் சந்திராவும் ஐரோப்பாவின் எக்ஸ்ரே விண்கலமான எக்ஸ்எம்எம்-நியூட்டனும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓரத்தில் அகப்பட்டது. 1062 என்பது அது ஒரு முறை தன்னைத்தானே சுற்ற எடுக்கும் நொடிகள், அதாவது கிட்டத்தட்ட 18 நிமிடம். சுற்றியுள்ள எச்சத்தின் வயது 10,000 முதல் 40,000 ஆண்டு. 1054-ல் சீனர்கள் பார்த்த வெடிப்பில் பிறந்த நண்டு பல்சர் இன்றும் நொடிக்கு 30 சுற்று சுற்றுகிறது. நண்டைவிடச் சில பத்து மடங்கு வயதான ஒன்று இவ்வளவு மந்தமாகியிருக்க வேண்டுமானால், அசாத்தியமான காந்தப்புலம் பிரேக் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பிறக்கும்போதே மந்தமாகப் பிறந்திருக்க வேண்டும். சர்சினஸில் காந்தப்புலம் போதவில்லை, இங்கே மிதமிஞ்சிப் போகிறது.

பெரிய மேகத்தில் டெம் எல்241 என்ற எச்சத்துக்குள் இருப்பது இன்னொரு ரகம். 2012-ல் கண்டறிந்தார்கள். பிறகு 2016-ல் அது 10.3 நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் காமா கதிர் இரட்டை, அதாவது காமா கதிரிலேயே அதிகம் ஒளிரும் ஜோடி, என்று தெரிந்தது. நம் விண்மீன் மண்டலத்துக்கு வெளியே அகப்பட்ட முதல் காமா கதிர் இரட்டை அதுதான்.

எச்சத்துக்குள் ஒரு எக்ஸ்ரே புள்ளி இருந்தாலே இரட்டை என்று சொல்லிவிடலாமா?

கூடாது. ஆர்சிடபிள்யூ 103 என்ற எச்சம் இதற்கு நல்ல பாடம். வயது சுமார் 2,000 ஆண்டு, நடுவில் ஒரு எக்ஸ்ரே புள்ளி, அது 6.67 மணி நேரத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. நியூட்ரான் விண்மீன் தனியாக அவ்வளவு மெதுவாகச் சுற்றாது, ஆகவே இது ஜோடி சுற்றும் காலமாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். 2016 ஜூனில் அது காந்தவிண்மீன்கள் (அசாத்தியமான காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன்கள்) வெடிக்கும் அதே பாணியில் வெடித்தது. துணையே இல்லை; ஒற்றை ஆள்தான், 6.67 மணி நேரத்துக்கு ஒரு முறை தானே சுற்றுகிறது.

இன்னொரு பொறி, நேர்கோட்டில் தற்செயலாகப் பொருந்துவது. கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே நிலா நிற்பதால் இரண்டும் பக்கத்தில் என்றாகாது. தூரம் பொருந்துகிறதா, புள்ளி கூட்டின் நடுவில் இருக்கிறதா, அதன் நகர்வு நடுவைச் சுட்டுகிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். வெறும் நெருக்கத்தை மட்டும் வைத்து வரும் அறிவிப்புகளை நான் நம்புவதே இல்லை.

இவற்றால் நமக்கு ஆபத்து உண்டா?

இல்லை. ரொம்பத் தூரம்.

நம் ஊரிலிருந்து பார்க்கலாமா?

இடத்தைப் பார்க்கலாம். திருவோணம் என்று நாம் சொல்லும் விண்மீன் இருக்கும் கழுகு விண்மீன் குழுவில்தான் எஸ்எஸ் 433. பிரகாசம் 14-ஆம் தரம். பெரிய தொலைநோக்கியும் இருட்டான ஊரும் இருந்தால் ஒரு மங்கல் புள்ளி தெரியும். சர்சினஸ் எக்ஸ்-1 இருக்கும் இடம் மதுரையிலிருந்து தெற்கு அடிவானத்துக்கு மேல் 23 பாகை வரை எழும். ஜூன் மாத முன்னிரவில் ஆல்ஃபா சென்டாரிக்குக் கிழக்கே பாருங்கள். அதைத் தொலைநோக்கியில் தேட வேண்டாம், தூசிக்குப் பின்னால் இருக்கிறது.

எக்ஸ்ரேயைத் தரையிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. காற்று விழுங்கிவிடும், அதனால்தான் விண்வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பலமுறை வந்த சந்திரா, 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப் போனது. ஆமாம், அதே சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், விண்மீன் செத்தால் எந்த எடைக்கு மேல் வெண்குள்ளனாக நிற்க முடியாது என்று கணக்கிட்டவர். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் 2015-லும் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1-லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயின. இரண்டுமே எக்ஸ்ரே இரட்டைகளையும் பார்க்கக் கட்டப்பட்டவை.

அசல் தரவை நானே பார்க்க முடியுமா?

முடியும், காசு கிடையாது. சந்திராவின் தரவு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லாருக்கும் திறந்துவிடப்படுகிறது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். முதல் முறை திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: செய்தியில் வரும் வண்ணப் படம் இருக்காது. கறுப்புத் திரையில் வெள்ளைப் பொடி தூவினதுபோல் இருக்கும். ஒவ்வொரு பொடியும் ஒரே ஒரு எக்ஸ்ரே ஒளித்துகள். எந்த நொடியில் வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று தனித்தனியாக எழுதியிருக்கும். சர்சினஸ் எக்ஸ்-1-இன் 2009 படத்தைத் திறந்தால் நடுவில் ஒரு வெள்ளைக் குத்து, குறுக்கே கருவியினால் வந்த ஒரு கோடு. கூடு எங்கே என்று கேட்பீர்கள். அளவுகோலை மடக்கை முறைக்கு மாற்றி, படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு, நாற்காலியைத் தள்ளிப்போட்டு எட்ட உட்கார்ந்து பாருங்கள். அப்போதுதான் பொடி வட்டமாகக் கட்டும்.